குருவிக் கூண்டில் கிடைத்த விடை



ஜவ்வாது மலையில் சாமைக் கதிர் முற்றும் காலத்தில் கொல்லைப் பக்கம் நடந்து போனால், சில்லை என்னும் சின்னஞ்சிறு பறவைகளைப் பார்க்கலாம். கூட்டம் கூட்டமாக வந்து கதிரில் இறங்கும். கூம்பு போன்ற தடித்த அலகால் உமியைக் களைந்து, உள்ளே இருக்கும் மணியைத் தின்னும். ஆள் வரும் சத்தம் கேட்டால் விர்ரென்று பறந்துவிடும்.

அந்த மலையில் நான் ஆசிரியராக வேலை பார்த்த காலத்தில், பிள்ளைகள் இந்தப் பறவைகளைப் பற்றி நிறையக் கேள்விகள் கேட்பார்கள். குருவிக்கும் உடம்புக்கு முடியாமல் போகுமா, நமக்கு வரும் நோய் அதற்கும் வருமா என்பது அவற்றில் ஒன்று.

பறவைகளுக்கும் நோய் வரும், குழந்தைகளே. மலேரியாகூட வரும்!

அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. மனிதருக்கு மலேரியா எப்படிப் பரவுகிறது என்ற பெரிய புதிருக்கு வழி காட்டியதே, கூண்டில் இருந்த சிட்டுக்குருவிகள்தான். அந்தக் குருவிகளின் நோயைப் பொறுமையாக ஆராய்ந்து விடை கண்டவர் இந்திய மண்ணில் பிறந்தவர். சென்னை மாகாணத்தில் மருத்துவராக வேலை பார்த்தவர். நம் நீலகிரி மலையில் மலேரியாவில் படுத்து எழுந்தவர். அவர் பெயர் ரொனால்டு ராஸ்.

அவருடைய கதையைத்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

கவிதை எழுத விரும்பிய பையன்

1857ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி மீரட்டில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துப் புரட்சியைத் தொடங்கினார்கள். அதற்கு மூன்றாம் நாள், மே 13ஆம் தேதி, இமயமலைப் பக்கத்தில் உள்ள அல்மோரா என்ற ஊரில் ரொனால்டு ராஸ் பிறந்தார். அந்த ஊர் இன்று உத்தரகாண்ட் மாநிலத்தில் இருக்கிறது. அப்பா ஆங்கிலேயப் படையில் அதிகாரி. வீட்டில் பத்துப் பிள்ளைகள். ரொனால்டுதான் மூத்தவர்.

எட்டு வயதானதும் அவரைப் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். உறவினர் வீட்டில் தங்கிப் படித்தார். படம் வரைவது, இசை, கவிதை, கணக்கு என்றால் அவருக்கு உயிர். ஓவியராகவோ எழுத்தாளராகவோ ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் அப்பா விடவில்லை. மருத்துவம் படித்து, இந்தியாவில் அரசு மருத்துவராக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

விருப்பம் இல்லாத படிப்பு எப்படி ஏறும்? லண்டனில் உள்ள புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் சேர்ந்து படித்தார். தேர்வு ஒன்றில் முதல் முறை தேறவில்லை. சில காலம் கப்பலில் மருத்துவராக வேலை பார்த்தார். பிறகு மறுபடியும் எழுதித் தேறினார். 1881ஆம் ஆண்டு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

அப்போதும் மருத்துவத்தில் பெரிய ஆர்வம் இல்லை. வேலை போக மீதி நேரத்தில் கவிதை, கதை, கணக்கு என்றே பொழுது போனது.

பீப்பாய்த் தண்ணீர்

1883ஆம் ஆண்டு அவரைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். தங்குவதற்கு நல்ல வீடு கிடைத்தது. ஆனால் கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை.

இவ்வளவு கொசுவும் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தார். சன்னலுக்கு வெளியே ஒரு பீப்பாயில் தண்ணீர் கிடந்தது. எட்டிப் பார்த்தால், உள்ளே புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அவைதான் கொசுவின் குஞ்சுகள். பீப்பாயைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். வீட்டில் கொசு குறைந்துவிட்டது!

அதிகாரிகள் சாப்பிடும் கூடத்திலும் இப்படியே செய்யலாமே என்று மேலதிகாரி ஒருவரிடம் சொன்னார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இயற்கை படைத்ததை நாம் கெடுக்கக் கூடாது என்று ஏளனமாகத் தட்டிக் கழித்துவிட்டார்.

அந்த நாளில் கொசுவுக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு உண்டு என்று ராஸுக்கும் தெரியாது. ஆனால் தேங்கிய தண்ணீரைக் கொட்டினால் கொசு குறையும் என்ற பாடம் அவர் மனத்தில் பதிந்துவிட்டது.

கெட்ட காற்றா, கெட்ட தண்ணீரா?

மலேரியாவைத் தமிழில் முறைக்காய்ச்சல் என்று சொல்வார்கள். முதலில் உடம்பு தூக்கிப் போடும் அளவுக்குக் குளிர். பிறகு அனலாய்க் கொதிக்கும் காய்ச்சல். பிறகு வியர்த்துக் கொட்டி அடங்கும். சரியாகிவிட்டது என்று நினைத்தால், முறை வைத்தாற்போல் மறுபடியும் வரும். இந்தியாவில் அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் எண்ணற்ற மக்கள் இதற்குப் பலியானார்கள். குழந்தைகள்தான் மிகவும் பாதிக்கப்பட்டார்கள்.

சிங்கோனா மரப்பட்டையில் இருந்து எடுக்கும் கொய்னா மருந்து அப்போதே இருந்தது. நம் நீலகிரியிலும் சிங்கோனா மரம் வளர்த்தார்கள். ஆனால் நோய் எப்படி வருகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. சதுப்பு நிலத்தில் இருந்து எழும் கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள்.

1880ஆம் ஆண்டு, அல்ஜீரியாவில் இருந்த லவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர், மலேரியா நோயாளியின் ரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். ஒட்டுண்ணி என்றால், இன்னோர் உயிரின் உடம்புக்குள் புகுந்து அதன் சத்தை உண்டு வாழும் உயிர். நோய்க்குக் காரணம் காற்று அல்ல, இந்த நுண்ணுயிர்தான் என்று தெரிந்தது. சரி, அது ஒருவர் உடம்பில் இருந்து இன்னொருவர் உடம்புக்கு எப்படிப் போகிறது?

1894ஆம் ஆண்டு ராஸ் விடுமுறையில் லண்டன் போனபோது, பேட்ரிக் மேன்சன் என்ற மூத்த மருத்துவரைச் சந்தித்தார். யானைக்கால் நோய்க்குக் காரணமான புழு கொசுவின் உடம்புக்குள் வளர்வதைக் கண்டறிந்தவர் அவர். நுண்ணோக்கியில் மலேரியா ஒட்டுண்ணியை ராஸுக்குக் காட்டினார். இதையும் கொசுதான் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது மேன்சனின் கணிப்பு. கொசு தண்ணீரில் விழுந்து சாகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்று அவர் நினைத்தார்.

அந்தக் கணிப்பில் பாதி சரி, பாதி தவறு. அதை அறிய ராஸ் நான்கு ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

வியர்வையில் துருப்பிடித்த நுண்ணோக்கி

1895ஆம் ஆண்டு ராஸ் இந்தியா திரும்பினார். செகந்திராபாத்தில் படை மருத்துவர் வேலை. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் கொசுவை அறுத்துப் பார்ப்பதே தொழிலாகிவிட்டது.

கொசு எவ்வளவு சிறியது! அதன் வயிற்றை ஊசி முனையால் பிரித்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் அங்குலம் அங்குலமாகத் தேட வேண்டும். கோடை வெயில் கொளுத்தியது. விசிறி போடவும் முடியாது. போட்டால் கொசு பறந்துவிடும்! நெற்றி வியர்வையும் கை வியர்வையும் பட்டு, நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்துவிட்டன. கண்ணருகே வைத்துப் பார்க்கும் கண்ணாடியிலும் விரிசல்.

நூற்றுக்கணக்கான கொசுக்களை அறுத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஏன் தெரியுமா? அவர் அறுத்தவை எல்லாம் வேறு இனக் கொசுக்கள். அவற்றுள் மனித மலேரியா வளராது.

1897ஆம் ஆண்டு விடுமுறையில் ஊட்டிக்கு வந்தார். அங்கிருந்து சீகூர் மலைப்பாதையில் உள்ள கல்லட்டிப் பக்கம் போனபோது, அவருக்கே மலேரியா வந்துவிட்டது! உடம்பு தேறியதும் செகந்திராபாத் திரும்பி, விட்ட இடத்தில் இருந்து மறுபடி தொடங்கினார்.

அந்த ஆகஸ்ட் மாதம், இறக்கையில் புள்ளி உள்ள புதிய வகைக் கொசு சில கிடைத்தன. அனோபிலஸ் என்று நாம் இன்று சொல்லும் இனம் அது. உசேன் கான் என்ற மலேரியா நோயாளி தம்மைக் கடிக்க விடுவதற்குச் சம்மதித்தார். ஒரு கொசுவுக்கு ஓர் அணா கூலி!

ஆகஸ்ட் 20ஆம் தேதி, கடித்து நான்கு நாளான கொசு ஒன்றை ராஸ் அறுத்தார். வயிற்றுச் சுவரில் உருண்டையான செல்கள் தெரிந்தன. அவற்றுள் கரும்புள்ளிகள். மலேரியா ஒட்டுண்ணியில் காணப்படும் அதே கரும்புள்ளிகள்! கொசுவுக்குள் ஒட்டுண்ணி வளர்கிறது என்பதற்கு முதல் சான்று கிடைத்துவிட்டது. அந்த நாளைத்தான் ஆண்டுதோறும் உலகக் கொசு நாள் என்று நினைவுகூர்கிறார்கள்.

ஆனால் இது பாதி விடைதான். கொசுவின் வயிற்றில் இருந்து ஒட்டுண்ணி மனிதனுக்கு எப்படி வருகிறது? அதைத் தேடும் முன்பே இடமாற்ற உத்தரவு வந்துவிட்டது. ராஜபுதனத்தில் கேர்வாரா என்ற ஊர். அங்கே மலேரியா நோயாளிகளே அரிது. ராஸ் மனம் நொந்து போனார். மேன்சன் லண்டனில் இருந்தபடியே முயற்சி செய்து, அவரை ஆராய்ச்சிப் பணிக்கு மாற்ற உதவினார். 1898ஆம் ஆண்டு பிப்ரவரியில் ராஸ் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

கைகொடுத்த குருவிகள்

கல்கத்தாவில் ஆய்வுக்கூடம் இருந்தது, நேரம் இருந்தது. ஆனால் நோயாளிகள் வர மறுத்தார்கள்! அப்போது பிளேக் நோய்ப் பீதி. தடுப்பூசி பற்றி ஊரெல்லாம் வதந்தி. ராஸ் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க ஊசியைக் கையில் எடுத்தாலே மக்கள் பயந்து ஓடினார்கள்.

என்ன செய்வது? ராஸ் பறவைகளின் பக்கம் திரும்பினார். ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த டானிலெவ்ஸ்கி என்ற அறிஞர், பறவைகளின் ரத்தத்திலும் மலேரியா போன்ற ஒட்டுண்ணிகள் இருப்பதை முன்பே கண்டு எழுதியிருந்தார். மனிதரின் மலேரியாவுக்கு அது உறவுக்கார நோய். ஒன்றின் வழி தெரிந்தால் மற்றொன்றின் வழியும் தெரியும் அல்லவா?

காகம், புறா, வானம்பாடி, சிட்டுக்குருவி எல்லாம் கூண்டுகளில் வந்து சேர்ந்தன. முகமது பக்ஸ் என்ற உதவியாளர் இரவு பகலாகக் கூடவே இருந்து உழைத்தார். கிஷோரி மோகன் பந்தோபாத்யாய் என்ற இளைஞரும் ராஸுக்கு உதவினார்.

சோதனையை எப்படிச் செய்தார் என்று கவனியுங்கள், குழந்தைகளே. முதலில் ஒவ்வொரு பறவையிடம் இருந்தும் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்ப்பார். எது நலமாக இருக்கிறது, எது நோயோடு இருக்கிறது என்று பிரித்து வைப்பார். மாலையில் கூண்டைக் கொசுவலைக்குள் வைத்து, உள்ளே கொசுக்களை விடுவார். காலையில் வலையில் உட்கார்ந்திருக்கும், ரத்தம் குடித்துக் கொழுத்த கொசுக்களைக் கண்ணாடிக் குழாயில் பிடிப்பார். சில நாள் உயிரோடு வைத்திருந்து பிறகு அறுத்துப் பார்ப்பார்.

அந்தக் கொசுக்களும் வெளியில் பிடித்தவை அல்ல. தண்ணீரில் இருந்த கொசுப் புழுக்களை எடுத்து, பாட்டிலில் வளர்த்துப் பெற்றவை. ஏன் இவ்வளவு சிரமம்? வெளியில் பிடித்த கொசு முன்பே எதைக் கடித்திருக்குமோ, யாருக்குத் தெரியும்? பாட்டிலில் பிறந்த கொசு யாரையும் கடித்திருக்காது. அதனுள் ஒட்டுண்ணி இருந்தால், அது இந்தக் குருவியிடம் இருந்துதான் வந்திருக்க வேண்டும்!

விரைவிலேயே பலன் தெரிந்தது. நம் வீடுகளில் சாதாரணமாகப் பறக்கும் சாம்பல் நிறக் கொசு, பறவை மலேரியாவைச் சுமக்கிறது என்று கண்டார். க்யூலெக்ஸ் என்று அதற்குப் பெயர்.

மூன்று குருவிகள்

தாம் காண்பது உண்மைதானா என்று ராஸ் தம்மையே சோதித்துக்கொண்டார். அதற்காக மூன்று சிட்டுக்குருவிகளை எடுத்தார். முதல் குருவியின் ரத்தத்தில் ஒட்டுண்ணிகள் ஏராளம். இரண்டாவதில் நடுத்தரமாக இருந்தன. மூன்றாவதில் ஒன்றுகூட இல்லை. மூன்றையும் தனித்தனியாகக் கொசுக்கள் கடிக்க விட்டார். ஒவ்வொரு குருவியையும் கடித்த கொசுக்களில் பத்துப் பத்தை எடுத்து அறுத்து, வயிற்றில் உள்ள கரும்புள்ளிச் செல்களை எண்ணினார்.

முதல் குருவியைக் கடித்த 10 கொசுக்களில் 1,009 செல்கள்.
இரண்டாவது குருவியைக் கடித்த 10 கொசுக்களில் 292 செல்கள்.
மூன்றாவது குருவியைக் கடித்த 10 கொசுக்களில் ஒன்றுகூட இல்லை!

இதற்குப் பிறகு சந்தேகம் ஏது? கணக்கை விரும்பிய பையன், மருத்துவத்திலும் கணக்கைக் கொண்டே உண்மையை நிலைநாட்டிவிட்டான்!

அடுத்து, கொசுவின் வயிற்றுச் செல்கள் நாளுக்கு நாள் என்ன ஆகின்றன என்று பார்த்தார். அவை பெருத்து வெடித்தன. உள்ளிருந்து ஆயிரக்கணக்கான மெல்லிய இழை போன்ற உயிர்கள் வெளிவந்து, கொசுவின் உடம்பெல்லாம் பரவின. எங்கே போகின்றன? 1898ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி அதற்கும் விடை கிடைத்தது. அவை கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் போய்ச் சேர்ந்திருந்தன! அந்தச் சுரப்பியில் இருந்து கொசுவின் ஊசி போன்ற வாய்க்கு நேராகக் குழாய் போகிறது.

புரிந்ததா, குழந்தைகளே? கொசு கடிக்கும்போது தன் எச்சிலை உள்ளே விடும். அந்த எச்சிலோடு ஒட்டுண்ணியும் உள்ளே போய்விடும். குடிக்கும் தண்ணீர் வழியாக அல்ல. கடி வழியாக!

கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. நோயுற்ற குருவியைக் கடித்த கொசுக்களைச் சில நாள் வைத்திருந்து, நலமான குருவிகளைக் கடிக்க விட்டார். அப்படி விட்ட 28 குருவிகளில் 22 குருவிகளுக்கு நோய் வந்தது. ரத்தத்தில் ஒட்டுண்ணிகள் மொய்த்தன. சில குருவிகள் இறந்தும் போயின.

இதைப் படிக்கும்போது உங்களுக்குப் பாவமாக இருக்கும். இருக்கத்தான் வேண்டும். அந்தக் குருவிகள் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆனால் அவற்றின் நோய் சொல்லிக் கொடுத்த பாடத்தால், பின்னாளில் கோடிக்கணக்கான மனிதர்கள் பிழைத்தார்கள். நாம் அந்தக் கூண்டுக் குருவிகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

பரிசும் பகையும்

அதே ஜூலை மாதம், ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் நடந்த மருத்துவர் மாநாட்டில் மேன்சன் இந்தச் செய்தியை அறிவித்தார். அந்த ஆண்டின் இறுதியில் கிராஸி முதலிய இத்தாலிய அறிஞர்கள், மனித மலேரியாவும் அனோபிலஸ் கொசுவின் கடியால்தான் வருகிறது என்று நிரூபித்தார்கள். குருவியின் வழியும் மனிதனின் வழியும் ஒன்றே என்று உறுதியானது.

1899ஆம் ஆண்டு ராஸ் இந்தியாவை விட்டுப் புறப்பட்டு, லிவர்பூலில் ஆசிரியரானார். ஆப்பிரிக்காவில் சியரா லியோன், எகிப்தில் இஸ்மாயிலியா என்று பல இடங்களுக்குப் போய்க் கொசு ஒழிப்புக்கு வழி சொன்னார். 1902ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற முதல் பிரிட்டன் நாட்டவர் அவர்தான். இந்திய மண்ணில் பிறந்து அந்தப் பரிசைப் பெற்ற முதல் மனிதரும் அவரே.

கணக்கை அவர் கடைசி வரை விடவில்லை. மலேரியாவை ஒழிக்க ஒவ்வொரு கொசுவையும் கொல்ல வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாக அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நோய் பரவுவதைக் கணக்கால் அறியும் இன்றைய அறிவியலுக்கு அது ஒரு தொடக்கம்.

பெரியவர்களிடமும் குறை உண்டு, குழந்தைகளே. கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு என்பதில் ராஸும் கிராஸியும் பல ஆண்டுகள் சண்டை போட்டுக்கொண்டார்கள். இருவருமே அரிய வேலை செய்தவர்கள். பகை இல்லாமல் இருந்திருந்தால் இருவருக்கும் இன்னும் அழகாக இருந்திருக்கும்.

ராஸின் மூத்த மகன் 1914ஆம் ஆண்டு முதல் உலகப் போரில் இறந்தார். அந்தத் துயரத்தையும் தாங்கிக்கொண்டு ராஸ் தம் வேலையைத் தொடர்ந்தார். 1926ஆம் ஆண்டு லண்டனில் அவர் பெயரால் ஒரு மருத்துவ ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி, அந்த நிலையத்திலேயே அவர் காலமானார். கொல்கத்தாவில் அவர் ஆராய்ச்சி செய்த மருத்துவமனையில் 1927ஆம் ஆண்டு ஒரு நினைவு வாயில் எழுப்பினார்கள். அதன் திறப்பு விழாவுக்கு ராஸே வந்திருந்தார்.

கேனரியும் ஹவாய்ப் பறவைகளும்

ராஸுக்குப் பிறகும் கூண்டுப் பறவைகளின் உதவி தொடர்ந்தது. கேனரி என்ற மஞ்சள் நிறப் பாட்டுப் பறவையைப் பார்த்திருப்பீர்கள். ஃபிஞ்ச் என்று பறவைக் கடைகளில் சொல்வார்களே, அந்தக் குடும்பத்துப் பறவை. பறவை மலேரியா கேனரியை எளிதில் தாக்கும். அதனால் 1920களில் ஜெர்மனியில் புதிய மலேரியா மருந்துகளை முதலில் கேனரிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய மலேரியா மருந்துகளில் முன்னோடியான பிளாஸ்மோக்கின் அப்படித்தான் கிடைத்தது.

பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளின் கதை சோகமானது. அங்கே முன்பு கொசுவே கிடையாது. 1826ஆம் ஆண்டு ஒரு கப்பலின் தண்ணீர்ப் பீப்பாய்களோடு கொசு வந்து இறங்கியது என்று சொல்கிறார்கள். பின்னர் பறவை மலேரியாவும் வந்தது. ஃபிஞ்ச் குடும்பத்தைச் சேர்ந்த அழகழகான தேன்பறவைகள் அங்கே இருந்தன. கொசுவையே அறியாத அந்தப் பறவைகளுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2023ஆம் ஆண்டு ஹவாயின் 8 பறவை இனங்கள் அற்றுப்போய்விட்டன என்று அமெரிக்க அரசு அறிவித்தது. காடு அழிந்ததும், எலி, பூனை வந்ததும், இந்த நோயும் சேர்ந்து செய்த வேலை அது. மிச்சம் இருப்பவற்றைக் காப்பாற்ற, குஞ்சு பொரிக்காத முட்டைக்குக் காரணமாகும் ஆண் கொசுக்களை வளர்த்து அங்கே பறக்கவிடுகிறார்கள். ஆண் கொசு கடிக்காது, தெரியுமா?

வீட்டில் பறவை இருக்கிறதா?

உங்கள் வீட்டில் கேனரியோ ஃபிஞ்சோ வளர்த்தால், ராஸைப் போலத் தினமும் உற்றுப் பாருங்கள். பறவை தன் நோயை வெளியே காட்டிக்கொள்ளாது. காட்டினில் நோஞ்சானைத்தான் பருந்து முதலில் தூக்கும் அல்லவா? அதனால் கடைசி வரை மறைத்துவிடும். கீழே சொல்லும் அடையாளங்களைக் கண்டால் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

* பகலிலும் இறகை உப்ப வைத்துக்கொண்டு, கண் மூடித் தூங்கி வழிவது.
* தீனி எடுக்காமல் இருப்பது, நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு தெரிவது.
* வாலை ஆட்டி ஆட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது.
* கண், அலகு, கால் பக்கங்களில் கொப்புளம் அல்லது தடிப்பு. இது பறவை அம்மையாக இருக்கலாம். அதையும் கொசு பரப்பும்.
* எச்சம் தண்ணீராகப் போவது.

நோயுற்ற பறவையைத் தனிக் கூண்டுக்கு மாற்றி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். அருகில் உள்ள கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாமாக மருந்து கொடுக்கக் கூடாது. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். மாலையில் கூண்டின் மேல் கொசுவலை போடுங்கள். கூண்டைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பறவை மலேரியா மனிதருக்கு வராது. ஆனால் பறவையின் எச்சத்தால் வேறு சில நோய்கள் வரக்கூடும்.

இன்னொன்று முக்கியம். சில்லை, கிளி போன்ற நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் அடைப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜவ்வாது மலைச் சில்லை சாமைக் கொல்லையில்தான் அழகு!

செய்து பாருங்கள்

ராஸின் வாழ்க்கையில் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? ஒரு சின்னக் குருவியின் நோயைக்கூட அற்பம் என்று தள்ளாமல் கவனித்தார். எண்ணிப் பார்த்தார், எழுதி வைத்தார், மறுபடி மறுபடி சோதித்தார். விருப்பம் இல்லாமல் தொடங்கிய வேலைதான். ஆனால் ஒரு கேள்வி மனத்தில் புகுந்த பிறகு, விடை கிடைக்கும் வரை அவர் அதை விடவில்லை.

மலேரியா இன்னும் உலகை விட்டுப் போகவில்லை. ஆனால் துரத்த முடியும். நம் பக்கத்து நாடான இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு சான்றிதழே கொடுத்துவிட்டது. கொசுவலை, ரத்தப் பரிசோதனை, உடனடி மருந்து, தேங்கும் தண்ணீரை அகற்றுவது ஆகிய எல்லாம் சேர்ந்து கிடைத்த வெற்றி அது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். வீட்டைச் சுற்றி ஒரு சுற்று வாருங்கள். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, மூடாத தொட்டி, குருவிக்கு வைத்த தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் எட்டிப் பாருங்கள். புழு நெளிகிறதா? கவிழ்த்துக் கொட்டுங்கள். குருவிக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். எத்தனை இடத்தில் புழு இருந்தது என்று ஒரு நோட்டில் எண்ணி எழுதுங்கள். அடுத்த வாரம் மறுபடி பார்த்து, எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

பெங்களூரில் ராஸ் கவிழ்த்தது ஒரே ஒரு பீப்பாயைத்தான். நீங்கள் எத்தனை கவிழ்க்கப் போகிறீர்கள்?